கோலில் நின்றவர்கள்

நான் போடியில் படித்த காலத்தில், ஹாக்கிக்கு ஆள் பிரித்து முடிந்ததும் மிஞ்சுகிறவன்தான் கோலுக்கு. எனக்குச் சொந்தமாக மட்டை கிடையாது, அதனால் நான் நின்றேன். பஞ்சும் பிரம்பும் வைத்துத் தைத்த பழைய பேட் ஒரு ஜோடி இருந்தது. வார் அறுந்த இடத்தில் சணல் கட்டிக்கொள்வோம். செம்மண் தரை, நடுநடுவே சரளை. பந்து உருண்டு வந்துகொண்டே இருக்கும், கல்லில் பட்டதும் நெஞ்சுக்கு எழும்பும். வலது முழங்காலுக்குக் கீழே அப்போது விழுந்த மேடு இன்னும் கையில் தட்டுப்படுகிறது. கோல் போட்டவனைத் தோளில் தூக்கிக்கொண்டு போவார்கள். ஒன்றும் விடாமல் நின்றவன் பேட்டைக் கழற்றிவிட்டு, ராசிங்காபுரத்துக்குத் தனியே சைக்கிள் மிதிப்பான்.

எங்கள் பள்ளிக்கூடத்து வழக்கம் என்றுதான் அதை அன்று நினைத்தேன். நாடே அப்படித்தான் இருந்தது என்பது பின்னால் தெரிந்தது.

ரங்கநாதன் பிரான்சிஸ் என்று ஒருவர். 1920இல் ரங்கூனில் பிறந்து, சென்னை வந்து, 1975இல் சென்னையிலேயே இறந்தவர். 1948 லண்டன், 1952 ஹெல்சின்கி, 1956 மெல்போர்ன் என்று அடுத்தடுத்து மூன்று ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற இந்திய அணிகளில் கோல்கீப்பராக இருந்தார். மூன்று தங்கம்! ஹெல்சின்கி இறுதியாட்டத்தில் பல்பீர் சிங் அடித்த ஐந்து கோலை ஹாக்கி தெரிந்த எவரும் சொல்வார்கள். பிரான்சிஸ் பெயரை எங்கள் ஊரில் எனக்கு ஒருவரும் சொன்னதில்லை.

இந்தியா கோலை அள்ளிக் குவித்த காலம் அது, கீப்பருக்கு என்ன வேலை இருந்திருக்கும் என்று கேட்பார்கள். 1928, 1932 அணிகளைப் பற்றிச் சொன்னால் ஒப்புக்கொள்ளலாம். 1932இல் அமெரிக்கா நமக்கு எதிராகப் போட்ட ஒரே கோலின்போது நம் கீப்பர் ரிச்சர்ட் ஆலன் கோலுக்குப் பின்னால் ஆட்டோகிராப் போட்டுக்கொண்டிருந்தார் என்று ஒரு கதை உண்டு. அந்த ஆட்டம் 24-1. மெல்போர்ன் கணக்கு வேறு. மொத்தம் 38 கோல் போட்டோம், ஒன்றும் வாங்கவில்லை. பிரித்துப் பார்த்தால்தான் விஷயம் புரியும். ஆப்கானிஸ்தானோடு 14, அமெரிக்காவோடு 16, சிங்கப்பூரோடு 6. அந்த மூன்றிலும் யார் நின்றிருந்தாலும் ஜெயித்திருப்போம். ஆனால் அரையிறுதியில் ஜெர்மனியோடு 1-0, இறுதியில் பாகிஸ்தானோடு 1-0. இரண்டிலும் பின்னால் ஒரே ஒரு பந்து நழுவியிருந்தால் கதையே மாறியிருக்கும். அந்த அணியின் இரண்டு கீப்பர்கள் பிரான்சிஸும் இளைஞரான சங்கர் லட்சுமணும். மத்தியப் பிரதேசத்து மாவ் ஊர்க்காரரான லட்சுமண், 1964 டோக்கியோ இறுதியிலும் பாகிஸ்தானை ஒரு கோலும் போடவிடவில்லை. அதுவும் 1-0தான். 1966இல் அவர் தலைமையில் ஆசியப் போட்டித் தங்கம் வந்தது. பத்மஸ்ரீயும் கொடுத்தார்கள். அப்படியும் 2006இல் கால் அழுகி, வறுமையில்தான் அவர் உயிர் போனது.

எங்கள் மலைக்கு அந்தப் பக்கம் கேரளம். ஏலத்தோட்டத்துக்கு விடியற்காலையில் ஜீப் ஏறுகிற எங்கள் ஊர் சனங்களுக்கு அது பக்கத்து வீடு மாதிரி. அங்கே கண்ணூர்க்காரரான மானுவல் பிரெடரிக், 1972 மியூனிக்கில் வெண்கலம் வாங்கினார். தலையில் ஹெல்மெட் இல்லாமல் கோலில் நின்றவர். தியான் சந்த் விருது அவருக்குக் கிடைத்தது 2019இல், 47 வருஷம் கழித்து. 2025 அக்டோபர் கடைசியில் காலமானார்.

இன்று ஆட்டமே வேறாகிவிட்டது. 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்கிலேயே புல் போய்ச் செயற்கைத் தரை வந்துவிட்டது. பந்து கல்லில் பட்டு எழும்புவதில்லை, சீறிக்கொண்டு வருகிறது. பெனால்டி கார்னரில் டிராக் ஃபிளிக் மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டும். வட்டத்தின் விளிம்பிலிருந்து கோலுக்கு 14.63 மீட்டர். கீப்பருக்கு அரை நொடிதான். காலில் நுரை பேட், கிக்கர், முகத்தில் கம்பி வைத்த ஹெல்மெட் என்று கவசம் கூடியிருக்கிறது, ஆபத்தும் அதற்கு ஈடாகக் கூடியிருக்கிறது. ஆட்டம் சமமாக முடிந்தால் ஷூட் அவுட். எட்டு நொடி, எதிரே ஒரே ஆள், கேமரா முழுக்க கீப்பர் முகத்தில்.

அந்தக் கேமராவுக்கு முன்னால் வந்து நின்றவர் ஸ்ரீஜேஷ். கேரளத்தின் கிழக்கம்பலத்து விவசாயி மகன். பேட் வாங்க அப்பா பசுமாட்டை விற்றார் என்று கேட்டபோது, கறவை மாட்டை நம்பிக் குடும்பம் ஓடுகிற எங்கள் ஊரில் அதன் கனம் யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. 2021 ஆகஸ்டில், டோக்கியோவில் ஜெர்மனியோடு 5-4 என்றிருந்தபோது, கடைசி நொடிகளில் வந்த பெனால்டி கார்னரைத் தடுத்தார். 41 வருஷத்துக்குப் பிறகு இந்தியாவுக்கு ஹாக்கியில் ஒலிம்பிக் பதக்கம். முடிந்ததும் கோல் போஸ்ட் மேலேறி உட்கார்ந்தாரே, அந்தப் படத்தை எங்கள் டீக்கடையில் எல்லோர் போனிலும் பார்த்தேன். பாரிஸிலும் வெண்கலத்தோடு விடைபெற்றார். அவருடைய 16ஆம் எண் ஜெர்சியை இனி சீனியர் அணியில் யாருக்கும் தருவதில்லை என்றும் அறிவித்தார்கள்.

2025 நவம்பரில் ஜூனியர் உலகக் கோப்பை மதுரைக்கு வந்தது. அப்போது நம் அணியின் பயிற்சியாளர் ஸ்ரீஜேஷ். நான் பஸ் ஏறிப் போய்விட்டேன். ஓமனோடு இந்தியா 17-0. எல்லோரும் கோலுக்குக் கத்தினார்கள். என் கண் ஓமன் கோலை விட்டு நகரவில்லை. வலைக்குள் கிடக்கும் பந்தை எடுத்துத் தள்ளிவிட்டு, மறுபடியும் குனிந்து நிற்பதற்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும் என்பது நின்றவனுக்குத்தான் தெரியும். சில நாள் கழித்து, சென்னையில் பெல்ஜியத்தோடு காலிறுதி ஷூட் அவுட் வரை போனது. கோலில் நின்று ஜெயித்துக் கொடுத்தவர் பிரின்ஸ்தீப் சிங். மறுநாள் பஸ் ஸ்டாண்டில் அந்தப் பெயரை ஒரு பையன் சொல்லிக்கொண்டு போனான். நான் அவனை நிறுத்தி பிரான்சிஸைப் பற்றிச் சொன்னேன்.

"மூணு தங்கமாண்ணே? நம்ம மெட்ராஸ்காரரா?" என்றான். நம்பவில்லை. போனில் தேடிப் பார்த்துவிட்டுத்தான் நம்பினான்.

தடுத்த பந்தை அந்தக் காலத்தில் யாரும் எண்ணி வைக்கவில்லை. அதற்காக பிரான்சிஸையும் லட்சுமணையும் தியான் சந்துக்கும் பல்பீருக்கும் ஒரு படி கீழே உட்கார வைப்பதை என்னால் ஏற்க முடியாது. மதுரையில் புதிதாகக் கட்டிய ஹாக்கி மைதானத்தில் ஒரு கேலரிக்காவது ரங்கநாதன் பிரான்சிஸ் பெயரை வைக்க வேண்டும். கோலுக்குப் பின்னால், கீப்பரின் முதுகு தெரிகிற பக்கத்துக் கேலரிக்கு.