மறைத்து வைத்த குருதி

ஒன்றைத் தடுப்பது வேறு. அதனை மறைத்து வைப்பது வேறு. தடை ஆவலை அடக்க முயல்வது. மறைப்போ ஆவலைத் தூண்டிவிடுவது. இவ்வுண்மையை வணிகர் நன்கறிவர் என்பதற்கு வீடியோ விளையாட்டுகளின் வரலாற்றிலே தக்க சான்றொன்று உண்டு.

1992ஆம் ஆண்டிலே சிக்காகோ நகரத்து மிட்வே நிறுவனம் 'மோட்டல் கொம்பற்' என்னும் விளையாட்டை வெளியிட்டது. எட் பூன், ஜோன் டொபையஸ் என்போர் அதனை ஆக்கியோர். உண்மை நடிகரைப் படம்பிடித்து அமைத்த வீரர் இருவர் திரையிலே பொருதுவர். வென்றவன் தோற்றவனின் இதயத்தைப் பறித்தெடுக்கலாம். தலையை முதுகெலும்போடு பிடுங்கலாம். நாணயம் இட்டு விளையாடும் கூடங்களிலே பெரும் பொருளீட்டிய இவ்விளையாட்டு, 1993 செப்டெம்பர் 13இல் அமெரிக்க இல்லங்களுக்குள் நுழைந்தது.

அப்பொழுது இல்லச் சந்தையைப் பங்கிட்டிருந்த பெருநிறுவனங்கள் இரண்டு. நின்டென்டோ தன் பதிப்பிலே குருதியை நீக்கி, அவ்விடத்திற் சாம்பல்நிற வியர்வையைத் தெறிக்கவிட்டது. கொடிய முடிவுகளையும் மாற்றியது. சேகாவின் பதிப்பும் மேலுக்குத் தூய்மையானதே. ஆயின், அதன் தொடக்கத்திலே வீரரின் மானநெறி பற்றிப் பேசும் பக்கமொன்று தோன்றும். அவ்வேளை ஏ, பி, ஏ, சி, ஏ, பி, பி என்னும் பொத்தான்களை வரிசையாக அழுத்தினால் மறைந்திருந்த குருதியெல்லாம் பெருக்கெடுக்கும்! நெறி பேசும் வாயிலிலேயே நெறி மீறும் திறவுகோல். அத்திறவுகோலைச் சிறுவர் அறிந்திருந்தனர். பெற்றோரிற் பலர் அறியார். விற்பனையிலே சேகாவின் பதிப்பே முந்தியது.

1993 டிசெம்பர் 9இல் அமெரிக்கச் செனற்சபையிலே விசாரணை தொடங்கியது. ஜோசப் லிபர்மன், ஹேர்ப் கோல் என்னும் செனற்றர்கள் இருவரும் அதனை முன்நின்று நடத்தினர். நிறுவனத்தார் ஒருவரையொருவர் குற்றஞ்சாட்டினர். அரசு சட்டமியற்றும் முன் தாமே முந்திக்கொள்ளக் கருதி, வயதுக்கேற்ப விளையாட்டுகளைத் தரம்பிரிக்கும் சபையொன்றை 1994இல் இத்தொழில்துறையினரே நிறுவினர். அவ்வாண்டே வந்த இரண்டாம் பாகத்திலே, நின்டென்டோவின் அமெரிக்கப் பதிப்பும் குருதியை மறைக்கவில்லை. முன்னர் வியர்வையாக்கப்பட்டது மீண்டும் செந்நிறம் பெற்றது!

எனினும் தரக்குறியும் முற்றான காவலன்று. 2005இல் 'கிரான்ட் தெஃப்ற் ஓட்டோ: சான் அன்ட்ரியாஸ்' விளையாட்டினுள் பாலியற் காட்சியொன்று புதைந்திருந்தமை வெளிப்பட்டது. தரமிட்டோர் காணாத காட்சி அது. வெளிப்பட்டபின் வளர்ந்தோர்க்கு மட்டுமே உரியதெனத் தரம் மாற்றப்பட்டது.

அதே ஆண்டு கலிபோர்னியா மாநிலம், வன்முறை மிக்க விளையாட்டுகளைப் பதினெட்டு வயது நிரம்பாதோர்க்கு விற்றலாகாது எனச் சட்டமியற்றியது. 2011இல் அமெரிக்க அதியுயர் நீதிமன்றம் ஏழு நீதியரசர்க்கு இருவர் என்ற முறையில் அச்சட்டத்தை வீழ்த்தியது. தீர்ப்பெழுதிய அன்ரனின் ஸ்கலியா, கிரிம் சகோதரரின் சிறுவர் கதைகளிலும் ஹோமரின் காவியத்திலும் கொடுமை மலிந்திருப்பதைச் சுட்டினார். தாந்தேயைக் கற்றல் மோட்டல் கொம்பற் ஆடுதலினும் உயர்ந்ததே; ஆயின் அவ்வேறுபாடு அரசியலமைப்பின்பாற் பட்டதன்று என்பது அவர் கருத்து. மாறுபட்ட நீதியரசர் பிரேயரின் வினாவும் புறக்கணிக்கத்தக்கதன்று: நிர்வாணப் படத்தைச் சிறுவனுக்கு விற்பதைத் தடுக்கும் சட்டம், அவன் திரையிலே ஒரு பெண்ணை வதைத்துக் கொல்லும் விளையாட்டை விற்க இடமளிப்பது முறையாகுமா?

காவியத்திலே கொலையைக் காண்பவன் வாசகன். விளையாட்டிலே அதனைச் செய்பவன் ஆடுவோன். இவ்விரண்டும் ஒன்றென்று யாம் எளிதிற் சொல்லிவிட இயலாது. ஆயினும், எழுத்தாளன் பேனாவைப் பறிக்கும் அதிகாரத்தை அரசிடம் கொடுத்தவர் பின்னர் வருந்தியதையும் உலகம் கண்டிருக்கிறது. தணிக்கையாளன் கத்தரித்தான், வணிகன் ஒளித்து விற்றான், சிறுவன் திறவுகோலைத் தேடிக் கண்டான். இம்மூவருக்கும் நடுவே பெற்றோரின் இருக்கையே வெறுமையாய்க் கிடந்தது. பிள்ளையின் அருகமர்ந்து, "நீ ஆடுவது யாது?" என அன்போடு வினவும் ஒருவரின் பணியைச் செனற்சபையோ நீதிமன்றமோ செய்து முடித்தல் இயலாது.