ஐபேடில் இரு செயலிகள்: காதால் வாசிப்பவருக்கு ஒரு வழிகாட்டி

ஐபேடின் திரையைப் பிரித்து இரண்டு செயலிகளை அருகருகே வைத்துக்கொள்ளும் வசதி 2015-இல் ஐஓஎஸ் 9 உடன் வந்தது. பார்வையுள்ளவருக்கு இதன் பயன் சொல்லாமலே விளங்கும். இடப்பக்கம் பாடம், வலப்பக்கம் குறிப்பு என்று வைத்துக்கொண்டால் கண் இரண்டுக்கும் நடுவே போய்வரும். காதால் வாசிப்பவருக்குக் கணக்கு வேறு. ஐபேடுடனேயே வரும் திரைவாசிப்பானான வாய்ஸ்ஓவர், திரையில் எத்தனை செயலிகள் திறந்திருந்தாலும் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் பேசும். எனவே ஒன்றில் செய்துகொண்டிருந்த வேலை கலையாமல் இன்னொன்றுக்குப் போய்த் திரும்ப முடிகிறதா என்பதே அவருக்கு முக்கியம். அதற்கு ஐபேடில் பல வழிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் வசதியும் உண்டு, சிக்கலும் உண்டு.

மாறிச் செல்லுதல்

2010-இல் வந்த முதல் ஐபேடிலேயே வாய்ஸ்ஓவர் இருந்தது. அதன் அடிப்படை அசைவுகள் இன்றும் பெரிதாக மாறவில்லை. ஒரு விரலால் வலப்பக்கம் ஸ்வைப் செய்தால் அடுத்த பொருள், இடப்பக்கம் செய்தால் முந்தைய பொருள், இருமுறை தட்டினால் திறக்கும். இரண்டு விரல்களைத் திரையில் வைத்துக் குமிழைத் திருகுவதுபோல் சுழற்றினால் ரோட்டர் என்னும் தெரிவுப் பட்டியல் நகரும்.

செயலி மாற மிக எளிய வழி நான்கு விரல் ஸ்வைப். இடமோ வலமோ செய்தால், திறந்திருக்கும் செயலிகள் ஒவ்வொன்றாக முன்வரும். செட்டிங்ஸில் பல விரல் அசைவுகள் அணைக்கப்பட்டிருந்தால் மட்டும் இது வேலை செய்யாது. முழுப் பட்டியலும் வேண்டுமென்றால் ஆப் ஸ்விட்சர் இருக்கிறது. திரையின் கீழ் விளிம்பிலிருந்து ஒரு விரலை மெதுவாக மேலே இழுக்க வேண்டும். முதல் ஒலி கேட்டதும் விரலை எடுத்தால் முகப்புத் திரை. எடுக்காமல் இன்னும் மேலே கொண்டுபோய் அடுத்த ஒலியில் விட்டால் ஆப் ஸ்விட்சர். ஹோம் பொத்தான் உள்ள ஐபேடில் அதை இருமுறை அழுத்தினால் போதும். பட்டியலில் ஒரு செயலியின் மேல் நின்று மேலோ கீழோ ஸ்வைப் செய்தால் மூடுவதற்கான தெரிவு கிடைக்கும்.

திரையைப் பிரித்தல்

ஐபேட்ஓஎஸ் 15 வெளியான 2021-க்கு முன், திரையைப் பிரிக்கப் பெரும்பாலும் ஐகானை விரலால் இழுத்து ஓரத்தில் விட வேண்டியிருந்தது. திரையைப் பார்க்காமல் செய்வதற்கு அது தோதான அசைவு அன்று. அந்தப் பதிப்பு, திரையின் மேல் விளிம்பின் நடுவில் மூன்று புள்ளிப் பொத்தான் ஒன்றைக் கொண்டுவந்தது. ஐபேட்ஓஎஸ் 26-க்கு முந்தைய பதிப்புகளில் அதை இருமுறை தட்டினால் முழுத்திரை, ஸ்பிளிட் வியூ, ஸ்லைட் ஓவர் என்று மூன்று தெரிவுகள். ஸ்பிளிட் வியூவைத் தேர்ந்தால் நடப்புச் செயலி ஓரமாக ஒதுங்கி முகப்புத் திரை வரும். இரண்டாவது செயலியை அங்கிருந்து திறக்கலாம். இரண்டுக்கும் நடுவே உள்ள பிரிகோட்டின் மேல் நின்று மேலோ கீழோ ஸ்வைப் செய்து பங்கை மாற்றலாம்.

தேர்வுக்குப் படிக்கும் ஒரு மாணவியை எடுத்துக்கொள்வோம். இடப்பாதியில் ஆங்கிலப் பாடநூல், வலப்பாதியில் நோட்ஸ் செயலி. இரண்டு விரல்களால் கீழ்நோக்கி ஸ்வைப் செய்ததும் வாய்ஸ்ஓவர் நின்ற இடத்திலிருந்து தொடர்ந்து படிக்கிறது. தேவையான வரி வந்ததும் இரண்டு விரல்களால் ஒரு தட்டு, பேச்சு நிற்கிறது. மூன்று விரல்களால் நான்கு முறை தட்டினால், கடைசியாகப் பேசப்பட்ட உரை கிளிப்போர்டுக்குப் போய்விடும். பிறகு வலப்பாதியில் விரலை வைத்து, எழுதும் இடத்தை இருமுறை தட்டி, ரோட்டரில் திருத்தும் தெரிவுக்குப் போய் ஒட்டலாம். குறிப்பைத் தமிழில் எழுதுபவர் தமிழ்க் குரலையும் சேர்த்துவைத்தால், ரோட்டரிலேயே மொழியை மாற்றிக்கொள்ளலாம்.

திரும்பும்போதுதான் கவனம் தேவை. இடப்பாதியைத் தொட்டால், விரலுக்குக் கீழே எந்த வரி இருக்கிறதோ அதைத்தான் வாய்ஸ்ஓவர் பேசும். முன்பு நின்ற வரிக்குத் தானாகப் போகாது. ஆனால் பக்கம் அப்படியே இருப்பதால், சில வரிகள் மேலும் கீழும் நகர்ந்தால் விட்ட இடம் அகப்பட்டுவிடும்.

ஸ்லைட் ஓவரில் சிக்கல் அதிகம். அது ஒரு செயலியின் மேல் இன்னொன்றைச் சிறு துண்டாக மிதக்கவிடுகிறது. அடியில் மறைந்த பகுதியைத் தொட்டால் மேலே உள்ள செயலிதான் பேசும். கேட்பவர் தாம் எதற்குள் இருக்கிறோம் என்று குழம்பிப்போவார்.

வீடியோவைச் சிறு கட்டத்தில் ஓடவிடும் பிக்சர் இன் பிக்சர் இவ்வளவு தொல்லை தராது. இரண்டு விரல்களால் இருமுறை தட்டினால் வீடியோ நிற்கும். மீண்டும் தட்டினால் ஓடும். வாய்ஸ்ஓவர் பேசும்போது மற்ற ஒலி தானாகத் தணியும்படியும் செட்டிங்ஸில் அமைக்கலாம். விரிவுரை கேட்டுக்கொண்டே குறிப்பெடுப்பவருக்கு இது பெரிய உதவி.

விண்டோக்கள்

2022-இல் ஐபேட்ஓஎஸ் 16 உடன் ஸ்டேஜ் மேனேஜர் வந்தது. ஒன்றன்மேல் ஒன்று படியும் விண்டோக்களை அது ஐபேடுக்குக் கொண்டுவந்தது. 2025-இல் வந்த ஐபேட்ஓஎஸ் 26 இன்னும் ஒரு படி மேலே போனது. மேக் கணினியில் உள்ளதுபோல் ஒவ்வொரு விண்டோவுக்கும் மூடவும், ஒதுக்கவும், பெரிதாக்கவும் பொத்தான்கள் வந்தன. ஸ்பிளிட் வியூவும் ஸ்லைட் ஓவரும் பழைய வடிவில் இல்லாமல் போயின. ஸ்லைட் ஓவர் மட்டும் 26.1 பதிப்பில் திரும்பியது.

எந்த விண்டோ எங்கே இருக்கிறது, எது எதை மறைக்கிறது என்பதைக் காதால் வாசிப்பவர் மனத்திலேயே வைத்திருக்க வேண்டும். அது வீண் சுமை. செட்டிங்ஸில் முழுத்திரைச் செயலிகள் என்ற முறையைத் தேர்ந்தால் ஐபேட் ஒரு நேரத்தில் ஒரு செயலியை மட்டுமே காட்டும். வேகமாக மாறிச் செல்லப் பழகியவருக்கு அதுவே நிம்மதி.

கீபோர்டு இருந்தால்

வெளிக் கீபோர்டு இணைத்தால் பல சிக்கல்கள் தீர்ந்துவிடும். கன்ட்ரோல், ஆப்ஷன் இரண்டையும் சேர்த்துப் பிடித்து அம்புக்குறிகளை அழுத்தினால் வாய்ஸ்ஓவர் ஒவ்வொரு பொருளாக நகரும். கமாண்ட், டேப் இரண்டும் சேர்ந்தால் செயலி மாறும். குளோப் விசையுடன் மேல் அம்புக்குறி ஆப் ஸ்விட்சரைத் திறக்கும். கமாண்டை மட்டும் அழுத்திப் பிடித்தால் நடப்புச் செயலியின் குறுக்குவிசைகள் பட்டியலாக வரும்.

ஆண்ட்ராய்டு டேப்லெட்டில் வாய்ஸ்ஓவரின் வேலையை டாக்பேக் செய்கிறது. அங்கே திரைப் பிரிப்பு 2016-இல் ஆண்ட்ராய்டு 7.0 உடன் வந்தது. விரலை இடப்பக்கம் இழுத்து, எடுக்காமல் மேலே திருப்பினால் அண்மைச் செயலிகளின் பட்டியல் வரும். அங்கே செயலி ஐகானின் மெனுவில் திரையைப் பிரிக்கும் தெரிவு இருக்கும். அதன் இடமும் பெயரும் தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும்.

புதிதாகத் தொடங்குபவர் முதலில் நான்கு விரல் ஸ்வைப்பையும் ஆப் ஸ்விட்சரையும் கைக்குப் பழக்கிக்கொள்வது நல்லது. இரண்டு செயலிகளுக்கும் அடிக்கடி போய்வர வேண்டியிருந்தால் மட்டும் திரையைப் பிரிக்கலாம். மிதக்கும் விண்டோக்களைக் கீபோர்டு இல்லாமல் தொட வேண்டாம்.