ஒரு தாள், எட்டுப் பக்கம், ஒரே வெட்டு

‘மேகஸீன்’ என்ற சொல்லின் தலையை வெட்டி வாலை மட்டும் வைத்துக்கொண்டால் ‘ஸீன்’. நம்மூரில் ‘சீன் போடுவது’ என்கிறோமே, அதற்கும் இதற்கும் உறவில்லை. ஒருவரோ நான்கைந்து பேரோ கையால் எழுதி, படம் வரைந்து, ஜெராக்ஸ் எடுத்து, மடித்து, தெரிந்தவர்களுக்குக் கொடுக்கும் குட்டிப் பத்திரிகை அது. லாபம் கிடையாது. அடுத்த இதழ் வரும் என்ற உத்தரவாதமும் கிடையாது. 1930களில் அமெரிக்காவின் அறிவியல் புனைகதை ரசிகர்கள் தொடங்கி வைத்தார்கள். 1970களில் பங்க் இசைக்காரர்கள் கைக்குப் போய்ப் பரவியது.

புதிது பெயர் மட்டும்தான். தமிழில் இதைக் ‘கையெழுத்துப் பத்திரிகை’ என்பார்கள். பள்ளிக்கூடத்திலும் வாசகசாலையிலும் ஒரே ஒரு பிரதி எழுதுவார்கள். ஓரம் கிழியும்வரை அது கைமாறும். கருத்து எழுதக் கடைசியில் வெற்றுப் பக்கம் விட்ட இதழ்களும் உண்டு. அந்தப் பக்கத்தைத்தான் எல்லாரும் முதலில் புரட்டியிருப்பார்கள் என்பது என் ஊகம்.

அதன் அண்ணன் சிற்றிதழ். எழுத்தாளர் சி.சு. செல்லப்பா சென்னையில் 1959இல் தொடங்கிய ‘எழுத்து’ 1970வரை வந்தது. சென்னையோடு இது நிற்கவில்லை. சேலத்திலிருந்து 1968இல் ‘நடை’ வந்தது, எட்டே இதழ்கள். கோவையிலிருந்து 1971இல் ‘வானம்பாடி’ வந்தது. ‘விலையிலாக் கவிமடல்’ என்றே தன்னை அழைத்துக்கொண்டது. எழுத்தாளர் கோணங்கியின் ‘கல்குதிரை’க்கு முகவரி கோவில்பட்டி. பல சிற்றிதழ்களில் ‘தனிச்சுற்றுக்கு மட்டும்’ என்ற வரி இருக்கும். பார்ப்பதற்கு ஏதோ ரகசிய சங்கம் போல இருந்தாலும் காரணம் சட்டம்தான். 1867ஆம் ஆண்டுப் பத்திரிகைப் பதிவுச் சட்டம் சைக்ளோஸ்டைல் எடுப்பதையும் அச்சடிப்பதாகவே கணக்கில் வைத்தது. இது கடையில் விற்கும் பத்திரிகை இல்லை, நண்பர்களுக்குள் சுற்றுவது என்று சொல்லிக்கொள்ள அந்த வரி.

இதையெல்லாம் சென்னையை அடுத்த ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம் தொழிற்பேட்டைகள் பக்கம் ஏன் பேச வேண்டும்? இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் 1998இல் வெளிவரத் தொடங்கியது. பிறகு ஒரகடத்தில் 2010இல் ரெனோ-நிஸான், 2013இல் ராயல் என்ஃபீல்டு. செய்யாறு, திருவண்ணாமலையிலிருந்து ஒடிசா, பீகார்வரை பல ஊர் ஆட்கள் ஒரே லைனில் நின்று வேலை செய்கிறார்கள். வாரத்துக்கு வாரம் ஷிப்ட் மாறும். ஒரே அறையில் இருக்கும் இருவர் ஞாயிற்றுக்கிழமை மட்டும் விழித்திருக்கும்போது பார்த்துக்கொள்வது உண்டு. இவர்களை வைத்து மாலை ஆறு மணிக்கு இலக்கியக் கூட்டம் போட முடியாது. ஆனால் சட்டைப் பையில் நுழையும் ஒரு தாள் ஷிப்ட் விட்டு ஷிப்ட் கைமாறும்.

ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை 2006இல் தொடங்கி 2014 நவம்பரில் நின்றது. முதலீடு எவ்வளவு, வரி வழக்கு என்ன என்பதெல்லாம் பத்திரிகைகளில் இருக்கிறது. முதல் சம்பளத்தில் என்ன வாங்கினார்கள், கடைசி நாள் கேன்டீனில் என்ன சாப்பாடு என்பதை அங்கே வேலை செய்த பெண்கள்தான் எழுத முடியும். சுங்குவார்சத்திரம் சாம்சங் வேலைநிறுத்தம் 2024இல் 37 நாள் நடந்தது. சங்கப் பதிவும் சம்பளமும் செய்தியாயின. பந்தலில் பொழுது எப்படிப் போனது என்பது யாராவது எழுதினால்தான் உண்டு.

தொழிற்பேட்டையில் இது நடக்குமா என்று கேட்பவர்களுக்கு ஃபரீதாபாத்தைக் காட்டலாம். தில்லியை ஒட்டிய அந்தத் தொழில் நகரில் 1982இல் தொடங்கிய ‘ஃபரீதாபாத் மஜ்தூர் சமாச்சார்’ என்ற இந்தி மாத இதழை ஷிப்ட் மாறும் நேரத்தில் சாலையோரம் நின்று இலவசமாகக் கொடுத்தார்கள். வாங்கியவர்கள் நின்று பேசியதே அடுத்த இதழுக்குச் செய்தியானது. பத்திரிகை மட்டுமல்ல, கலைஞர்கள் குழுவாகச் சேர்ந்ததற்கும் உதாரணம் உண்டு, அது இன்னும் பக்கம்: காஞ்சிபுரம் பக்கத்தில் கட்டைக்கூத்துக் கலைஞர்கள் 1990இல் தங்களுக்கென ஒரு சங்கம் அமைத்தார்கள், 2002இல் குருகுலமும் தொடங்கினார்கள். ஆளும் கலையும் இங்கேயே இருக்கின்றன.

இனி செய்முறை. ஒரு ஏ4 தாளைப் படுக்கை வாட்டில் வையுங்கள். நீளவாக்கில் ஒரு மடிப்பு. பிரித்து, அகலத்தில் நான்காகும்படி மடிப்புகள். விரித்தால் எட்டுக் கட்டம். கீழ் வரிசையில் இடமிருந்து வலமாக 2, 3, 4, 5. மேல் வரிசையில் 1, 8, 7, 6. இந்த நான்கையும் தலைகீழாக எழுத வேண்டும். ஒன்று அட்டை, எட்டு பின்னட்டை. கறுப்பு ஜெல் பேனாவால் எழுதுங்கள்; நீல மையும் பென்சிலும் ஜெராக்ஸில் வெளிறிப்போகும். தாளின் ஓரத்தில் அரை சென்டிமீட்டர் விடுங்கள், மெஷின் அதைத் தின்றுவிடும்.

ஜெராக்ஸ் எடுத்த பிறகு வெட்டு. தாளைக் குறுக்கே பாதியாக மடித்து, மடிந்த பக்கத்திலிருந்து நடுக்கோட்டில் அடுத்த மடிப்புவரை மட்டும் கத்தரியுங்கள். விளிம்புவரை போனால் தாள் இரண்டு துண்டாகிவிடும். முதல் தடவை நான் செய்தது அதுதான். பிரித்து, எழுத்து வெளியே தெரியும்படி நீளவாக்கில் மடித்து, இரு முனைகளையும் உள்ளே தள்ளினால் நடு வெட்டு வாய் திறந்து கூட்டல் குறி போல நிற்கும். அதைச் சுற்றி மடித்தால் புத்தகம். ஒரு பக்கம் ஏழரை சென்டிமீட்டர் அகலம், பத்தரை உயரம். பசை வேண்டாம், ஸ்டேப்ளர் வேண்டாம். ஜெராக்ஸ் இரண்டு ரூபாய் என்று வைத்தாலும் ஐம்பது பிரதிக்கு நூறு ரூபாய்.

என்ன எழுதுவது என்று கேட்காதீர்கள். ஹாஸ்டல் சாம்பார், கம்பெனி பஸ்ஸில் ஜன்னலோர சீட்டுக்கு நடக்கும் சண்டை, ஒடியா நண்பர் சொல்லிக்கொடுத்த பத்துச் சொற்கள், மெஷின் சத்தத்துக்குப் பழகிய காது. கவிதைதான் வேண்டும் என்று இல்லை. சொல்லப்போனால் முதல் இதழில் கவிதை குறைவாக இருப்பது நல்லது. வேலைக்கு ஆபத்து வரும் விஷயமானால் புனைபெயர் வைத்துக்கொள்ளுங்கள், நம் எழுத்தில் அதற்கு நீண்ட மரபு உண்டு. கான்ட்ராக்டில் இருப்பவர்கள் கம்பெனிக்குள் பிரதியைக் கொண்டுபோக வேண்டாம். டீக்கடை போதும்.

எழுத ஆள் கிடைத்துவிடும். மடிக்கவும் கொண்டுபோய்க் கொடுக்கவும்தான் ஆள் தேட வேண்டியிருக்கும். சி.சு. செல்லப்பாவே புத்தக மூட்டையைச் சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாகப் போனவர்.

கடைசியாக ஒன்று. கோட்டையூர் ரோஜா முத்தையா புத்தகங்களோடு அழைப்பிதழ்களையும் நோட்டீஸ்களையும் சேர்த்து வைத்தார். அந்தச் சேகரிப்பு இன்று சென்னை தரமணியில் ஆராய்ச்சி நூலகமாக இருக்கிறது. நீங்கள் மடிக்கும் தாளும் அப்படி ஒருவர் கையில் போய்ச் சேரலாம். அட்டையில் மறக்காமல் ஊர் பெயரும் தேதியும் போடுங்கள்.