பத்ம விருது: அந்த 800 சொல்லை யார் எழுதுவது?

பரிந்துரைக்கான கடைசித் தேதி நெருங்க நெருங்க, வாசகர் கடிதங்களில் ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. எங்கள் ஊரில் ஒருவர் இருக்கிறார், நாற்பது வருஷமாக ஊருக்கே உழைத்தவர், பத்மஸ்ரீக்கு எழுதிப் போட வேண்டும். கலெக்டரிடம் மனு கொடுத்தால் போதுமா, எம்.எல்.ஏ. சிபாரிசு வேண்டுமா? இரண்டும் வேண்டாம். நீங்களே போடலாம். இன்னொரு குழப்பம் தேதியில். 2025 விருதுகள் வரை மே 1-இல் திறந்து செப்டம்பர் 15 வரை பரிந்துரை வாங்கினார்கள். 2026 விருதுகளுக்கு 2025 மார்ச் 15-ஆம் தேதியே திறந்தார்கள்; கடைசி நாள் என்று அறிவித்தது ஜூலை 31. "செப்டம்பர் வரை இருக்கிறதே" என்று எழுதியவர்கள் கவனிக்க.

பத்ம விருதின் மூன்று தரங்கள் எவை, யார் வழங்குகிறார் என்பதெல்லாம் தெரிந்த கதை. நேராகப் படிவத்துக்குப் போவோம்.

ராஷ்ட்ரிய புரஸ்கார் இணையதளத்தில் கணக்குத் தொடங்கி, பெயர், முகவரி, துறை எல்லாம் நிரப்பிக்கொண்டே வந்தால் ஒரு பெட்டி வரும். அந்த மனிதரின் பணியை 800 சொல்லுக்கு மிகாமல் அதில் விவரிக்க வேண்டும். இணையதளம் பேசுவது ஆங்கிலமும் இந்தியும். மற்றக் கட்டங்களெல்லாம் ரேஷன் கார்டு விண்ணப்பம் மாதிரிதான். தலையெழுத்தைத் தீர்மானிப்பது இந்தப் பெட்டி. 2019 விருதுகளுக்கு வந்த பரிந்துரைகள் 49,992. கொடுத்த விருதுகள் 112. அவ்வளவு குவியலில் ஒருவர் வீட்டு வாசலுக்கு யாரும் வந்து விசாரிக்கப் போவதில்லை. முதல் வடிகட்டலில் அவருக்காகப் பேசுவது யாரோ எழுதிய அந்த 800 சொல் மட்டுமே.

2016-இல் பரிந்துரை இணையத்துக்கு வந்தது. அதற்கு முன் மாநில அரசுகள், அமைச்சகங்கள், பழைய விருதாளர்கள், எம்.பி.க்கள் என்று ஒரு வட்டத்துக்குள்ளேயே பெயர்கள் சுற்றின. இப்போது டீக்கடைக்காரரும் போடலாம். தனக்குத்தானேகூடப் போட்டுக்கொள்ளலாம், விதி அனுமதிக்கிறது. இதைத்தான் 'மக்களின் பத்மா' என்கிறது அரசு. பரிந்துரைப்பது மக்கள், சரி. தேர்ந்தெடுப்பது? அமைச்சரவைச் செயலர் தலைமையில் ஒரு குழு. உள்துறைச் செயலர், குடியரசுத் தலைவரின் செயலர், கூடவே 'சான்றோர்' நான்கு முதல் ஆறு பேர். சான்றோர் யார் என்பதை ஆண்டுதோறும் முடிவு செய்பவர் பிரதமர். அந்தக் குழு பட்டியலைத் தருவதும் பிரதமருக்கும் குடியரசுத் தலைவருக்கும்தான். மக்கள் வாசல் வரை வரலாம். உள்ளே இருப்பது பழைய வீடுதான்.

அளவுகோலைக் கேட்டால், வெறும் சிறப்புப் போதாது, 'எக்ஸலன்ஸ் பிளஸ்' வேண்டும் என்கிறது வழிகாட்டுக் குறிப்பு. அந்த 'பிளஸ்' எவ்வளவு என்று எங்கும் இல்லை. 1995-இல் பாலாஜி ராகவன் வழக்கில் இந்த விருதுகள் அரசியல் சாசனப்படி செல்லும் என்று தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றமே, அன்றைய வழிகாட்டு நெறிகள் அளவுக்கு மீறி அகலமானவை, துல்லியமில்லாதவை, முறைகேட்டுக்கு இடம் தருபவை என்று கடுமையாகச் சொன்னது. ஆனால் ஒன்றை மட்டும் குறிப்பு தெளிவாகச் சொல்கிறது: நீண்ட காலம் பணியாற்றினார் என்பதற்காக மட்டும் விருது கிடையாது. நாற்பது வருஷம் என்பதையே வாதமாக வைத்திருக்கும் கடிதங்கள் இங்கேதான் அடிபடும்.

ஊரே கையெழுத்துப் போட்டு, ஆளுக்கொன்றாக அனுப்பினால் எடுபடுமா என்று பலர் கேட்கிறார்கள். 2017 விருதுகளுக்கு வந்த 18,768 பரிந்துரைகளில் 4,208 ஒரே ஒருவருக்கு: சிர்சா சாமியார் குர்மீத் ராம் ரஹீம். விருது கிடைக்கவில்லை. அந்த ஆண்டு ஆகஸ்டில் பாலியல் வன்கொடுமை வழக்கில் தண்டனைதான் கிடைத்தது. தலை எண்ணிக்கைக்கு இங்கே மதிப்பில்லை. நாலாயிரம் பேரின் உழைப்பை ஒரே ஒருவர் ஒழுங்காக எழுதிய பக்கத்தில் போட்டிருக்கலாம்.

அந்தப் பக்கத்தை எப்படி எழுதுவது? நமக்குப் பாராட்டு என்றால் கல்யாண மண்டப வாசல் பேனர்தான் நினைவுக்கு வரும். தியாகச் செம்மல், ஏழைகளின் விடிவெள்ளி, கருணைக் கடல். எண்ணூறு சொல்லில் நூறு இப்படியே போய்விடும். வடிவேல் கோபால், மாசி சடையன் என்ற இரண்டு இருளர்களை எடுத்துக்கொள்ளுங்கள். செங்கல்பட்டு மாவட்டத்துப் பாம்பு பிடிப்பவர்கள்; 2023-இல் பத்மஸ்ரீ பெற்றார்கள். 'இயற்கையின் காவலர்கள்' என்று எழுதினால் யாருக்கும் எதுவும் விளங்காது. 2017-இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்கு அழைக்கப்பட்டார்கள், அங்கே பெருகிக் கிடந்த பர்மா மலைப்பாம்புகளில் பதின்மூன்றை இரண்டே வாரத்துக்குள் பிடித்துக் கொடுத்தார்கள் என்று எழுதினால் டெல்லி அதிகாரிக்கும் விளங்கும். பள்ளிக்கூடம் போகாத இருவரின் கைத்திறனுக்கு ஆய்வாளர்கள் கடல் கடந்து ஆள் அனுப்பினார்கள் என்பது அடுத்த வரி. வடநெம்மேலியில் 1978-இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் எடுத்துத் தரும் விஷத்திலிருந்துதான் பாம்புக்கடி மருந்து தயாராகிறது என்பது அதற்கடுத்த வரி. ஒரு பெயரடைகூட வேண்டியதில்லை.

என்னை உறுத்துவதும் இதுதான். அந்த இருவரைச் சுற்றி ஆய்வாளர்கள் இருந்தார்கள், சங்கம் இருந்தது, பதிவு இருந்தது. மகளிர் சுயஉதவிக் குழுக்களைத் திரட்டிய மதுரை சின்னப்பிள்ளைக்குப் பின்னால் களஞ்சியம் இயக்கம் இருந்தது. 2001-இல் பிரதமர் வாஜ்பாய் மேடையில் அவர் காலைத் தொட்டு வணங்கிய படம் நாடெங்கும் வந்தது. அப்படியும் பத்மஸ்ரீ வர 2019 ஆயிற்று. எந்த அமைப்பும் இல்லாமல், புகைப்படமும் இல்லாமல், அநாதைப் பிணங்களை எடுத்து அடக்கம் செய்துகொண்டிருக்கும் ஒருவருக்கு ஆங்கிலத்தில் 800 சொல் யார் எழுதுவார்? பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகளிடையே தகுதியானவர்களைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும் என்று ஆண்டுதோறும் மாநிலங்களுக்கு எழுதுகிறது உள்துறை அமைச்சகம். தேடும் வேலையை உண்மையில் யார் செய்கிறார்கள் என்று பார்த்தால், கடிதம் போட்ட வாசகர்கள்தான். ஆகவே உங்கள் ஊர் கல்லூரியின் ஆங்கில ஆசிரியரைப் பிடியுங்கள். ஒரு மாலை உட்காரச் சொல்லுங்கள். எந்த ஆண்டு, எந்த ஊர், எத்தனை பேர், அதற்கு முன் நிலைமை என்ன, இவர் வந்த பின் என்ன ஆனது: இவ்வளவும் இருந்தால் பாதிக் கிணறு தாண்டியாகிவிட்டது.

மற்றக் கேள்விகளுக்குச் சுருக்கமாக.

ஆண்டுக்கு 120 என்று உச்சவரம்பு இருக்கும்போது 2025-இல் 139 எப்படி? மறைவுக்குப் பின் தரப்பட்ட 13-உம், வெளிநாட்டவர், வெளிநாடுவாழ் இந்தியர் வகையில் தரப்பட்ட 10-உம் கணக்கில் வராது.

இறந்தவருக்குப் பரிந்துரைக்கலாமா? வழக்கமாக இல்லை, மிகத் தகுதியானவர், அண்மையில்தான் மறைந்தார் என்றால் பரிசீலிப்பார்கள்.

அரசு ஊழியருக்கு? பணியில் இருக்கும்வரை கிடையாது, டாக்டர்களும் விஞ்ஞானிகளும் தவிர.

பணம், ரயில் சலுகை? ஒன்றுமில்லை; பட்டயமும் பதக்கமும் மட்டும்.

பெயருக்கு முன்னால் போட்டுக்கொள்ளலாமா? கூடாது, போட்டால் விருதே பறிபோகலாம் என்பது 1995 தீர்ப்பு. நம் போஸ்டர் அச்சகங்களுக்கு இன்னும் சேதி போய்ச் சேரவில்லை.

கிணற்றில் விழுந்த குழந்தையைக் காப்பாற்றியவருக்கு? வேறு வாசல்: மத்திய அரசின் ஜீவன் ரக்ஷா பதக்கம், தமிழக அரசின் அண்ணா பதக்கம், பெண்களுக்குக் கல்பனா சாவ்லா விருது.

தேர்வாகாவிட்டால் காரணம் சொல்வார்களா? மாட்டார்கள்.

பரிந்துரைக்கப்படுபவரின் சம்மதம் வேண்டுமா? விதியில் இல்லை. அறிவிப்புக்குச் சற்று முன் டெல்லியிலிருந்து ஒரு போன் வரும், அவ்வளவுதான். 2016-இல் எழுத்தாளர் ஜெயமோகன் வேண்டாம் என்றார். 2022-இல் மேற்கு வங்க முன்னாள் முதல்வர் புத்ததேவ் பட்டாச்சார்யா பெயர் வெளியான பிறகு மறுத்தார். அதனால் பெட்டியை நிரப்ப உட்காருமுன் உங்கள் ஊர்க்காரரை ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். 800 சொல் மிச்சமானாலும் ஆகும்.