தீயணைக்கும் வாயுவும் வானத்துக் குடையும்



பஞ்சையும் நெருப்பையும் பக்கத்தில் வைக்கலாகாது என்பது நம் முன்னோர் கண்ட உண்மை. 1888-ஆம் ஆண்டு கோவையில் முதல் நூற்பு ஆலை எழுந்தது முதல், கொங்கு நாடெங்கும் பஞ்சு அரவை ஆலைகளும் நூல் கிடங்குகளும் பெருகின. ஒரு பொறி விழுந்தால் விவசாயியின் ஓராண்டு உழைப்பும் நெசவாளியின் கூலியும் சாம்பலாகும். ஆகவே தீயணைப்புக் கருவி இன்றியமையாதது. ஆயினும் அக்கருவியில் அடைக்கப்பட்ட பொருள்களுள் ஒன்று, தீயினின்று நம்மைக் காத்தவாறே உலகுக்கு வேறொரு கேட்டை விளைத்தது. அதன் பெயர் ஹாலோன்.

ஹாலோன் என்பது புரோமின் கலந்த ஒருவகை வாயு. தண்ணீரைப்போல் மின்சாரத்தைக் கடத்தாது. தூளைப்போல் இயந்திரங்களில் படியாது. அறைக் காற்றில் நூற்றுக்கு 5 பங்கு கலந்தாலே தீ தணிந்துவிடும். தீ எரிவதற்குக் காரணமான இரசாயனத் தொடரைப் புரோமின் அறுத்துவிடுவதே இதன் இரகசியம். எனவே விமானம், கப்பல், தொலைபேசி நிலையம், கணிப்பொறி அறை முதலிய இடங்களில் இவ்வாயு பெரிதும் பயன்பட்டது.

கீழே நன்மை செய்த அதே ஆற்றல் மேலே தீமை செய்தது. ஹாலோன் மழையில் கரைவதில்லை. 1301 எனும் எண்ணுடைய வகை, சுமார் 70 ஆண்டுகள் காற்றில் நிலைத்திருக்கும். அது மெல்ல உயர்ந்து ஓசோன் படலத்தை அடைந்ததும் சூரியக் கதிர்களால் சிதைந்து புரோமினை வெளிவிடுகிறது. ஓசோனை அழிப்பதில் குளோரினைக் காட்டிலும் புரோமின் சுமார் 60 மடங்கு வல்லமை உடையது. குளோரின் கலந்த குளிர்பதன வாயுக்களால் விளையும் கேட்டை மொலினா, ரோலண்ட் என்னும் விஞ்ஞானிகள் 1974-இல் எச்சரித்தனர். தென்துருவத்தின் மேல் ஓசோன் பெரிதும் குறைந்திருப்பதை 1985-இல் ஆங்கிலேய விஞ்ஞானிகள் வெளியிட்டனர்.

ஓசோன் குறைந்தால் புற ஊதாக் கதிர்கள் மிகுதியாக மண்ணை எட்டும். கண்புரையும் தோற்புற்றும் பெருகும். பயிர்களின் வளர்ச்சியும் குன்றும். தென்துருவத்தில் நிகழ்வதற்கு நாம் ஏன் கவலைப்பட வேண்டும் எனச் சிலர் வினவலாம். வெப்ப மண்டலத்தின் மேல் ஓசோன் குறைவு சிறிதே என்பது மெய். ஆனால் கீழ்க்காற்று மேல் மண்டலத்திற்கு ஏறும் முதன்மையான வழி வெப்ப மண்டலமே; பின்னரே அது துருவங்களை நோக்கிப் பரவுகிறது. அவிநாசியில் கசியும் வாயுவும் அவ்வழியே சென்று சேரும்.

இந்நிலையில் உலக நாடுகள் கூட்டுறவு நெறியையே கைக்கொண்டன. 1987 செப்டம்பர் 16 அன்று மாண்ட்ரியல் நகரில் உடன்படிக்கை கையொப்பமாயிற்று. செல்வ நாடுகள் 1993 முடிவுக்குள்ளும், வளரும் நாடுகள் 2009 முடிவுக்குள்ளும் ஹாலோன் உற்பத்தியை நிறுத்த வேண்டும் என விதிக்கப்பட்டது. வளரும் நாடுகளின் செலவுக்கெனப் பொது நிதியும் அமைந்தது. இந்தியா 1992-இல் சேர்ந்து, 2000-இல் விதிகளை இயற்றி, கெடுவுக்கு முன்னரே உற்பத்தியை நிறுத்தியது. பலன் கண்கூடு: இந்நெறி தொடருமாயின் உலகின் பெரும் பகுதியில் சுமார் 2040-லும், தென்துருவத்தில் சுமார் 2066-லும் ஓசோன் 1980-ஆம் ஆண்டின் நிலைக்கு மீளும் என்று 2023-இல் விஞ்ஞானிகள் அறிவித்தனர்.

உற்பத்தி நின்றாலும் பழைய உருளைகளில் அடைபட்ட வாயு எஞ்சியிருக்கக் கூடும். ஆகவே சங்க நிர்வாகிகள் கவனிக்க வேண்டியவை சில உண்டு.

முதலாவது, கிடங்கிலும் அலுவலகத்திலும் உள்ள உருளைகளின் முகவரிச் சீட்டைப் படித்துப் பாருங்கள். ஹாலோன் 1211, ஹாலோன் 1301, பி.சி.எஃப். என்றிருந்தால் சோதனைக்காகவும் திறவாதீர்கள். பழைய இரும்புக் கடைக்கும் தராதீர்கள். தீயணைப்புத் துறையினரைக் கலந்து, வாயுவைக் கசியாமல் மீட்கத் தெரிந்தவர்களிடம் ஒப்படையுங்கள்.

இரண்டாவது, பஞ்சுப் பொதிக்கு வாயு ஏற்றதன்று. பொதியின் உள்ளே தீ கனன்றுகொண்டிருக்கும். வாயு கலைந்ததும் மீண்டும் பற்றும். பொதிகளைப் பிரித்து நனைக்கும் தண்ணீரே இதற்குத் தக்கது.

மூன்றாவது, மின்பலகைக்குக் கரியமில வாயுக் கருவி போதும். மூடிய அறையில் அது மூச்சை அடைக்குமாதலால் ஆட்கள் வெளியேறுதல் அவசியம். கணிப்பொறி அறைக்கு நைட்ரஜன், ஆர்கான் கலந்த அமைப்புகளும் உண்டு. எச்.எஃப்.சி. 227 என்னும் மாற்று வாயு ஓசோனைக் கெடுப்பதில்லை. ஆயினும் கரியமில வாயுவினும் 3,000 மடங்குக்கு மேல் பூமியைச் சூடாக்க வல்லது. இவ்வகை வாயுக்களைக் குறைக்க 2016-இல் கிகாலியில் திருத்தம் ஏற்பட்டது. இந்தியா 2021-இல் அதனை ஏற்றது. எனவே புதிதாக வாங்குவோர் இதனையும் சீர்தூக்குதல் நலம்.

நம் கிடங்கைக் காப்பது நம் கடமை. அதற்காகப் பொதுச் சொத்தாகிய வானத்தைக் கெடுத்தல் கூட்டுறவாளர்க்கு அழகன்று. அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்திலேயே உருளைகளின் கணக்கை எடுத்து வைப்போமாக!