பனிபடர் வீதியில் வண்டி செலுத்துதல்

நம் கல்லூரியின் பழைய மாணவருட் பலர், சிறப்பாக 1983 ஆம் ஆண்டின் பின்னர், கடல் கடந்து கனடா நாட்டிற் குடியேறியுள்ளனர். இம்மலரை ரொறன்ரோ நகரில் இருந்து படிப்போரும் உளர். இன்னுஞ் சில ஆண்டுகளில் அங்குச் செல்லவிருக்கும் மாணவரும் உளர். அவர்களுக்குத் தமிழாசிரியன் ஒருவன் மோட்டார் வண்டியைப் பற்றி எழுதப் புகுதல் வியப்பாகத் தோன்றலாம். ஆயின் இவ்விடயத்தில் முதல் இடர்ப்பாடு சொல்லிலேயே தொடங்குகின்றது.

பனி என்னும் ஒரு சொல்லால் நாம் பலவற்றைக் குறிக்கின்றோம். மார்கழி வைகறையிற் புல்நுனியில் நிற்கும் நீர்த்துளி நமக்குப் பனி. நுவரெலியாவிலே தை மாத விடியலிற் சில வேளைகளிற் புற்றரையை வெளுக்கச் செய்வதும் பனி. வடபுலத்து வானிலிருந்து பஞ்சுபோல் இறங்குவதும், அது சில்லுகளால் மிதிபட்டு இறுகியதும், உருகி மீண்டும் உறைந்து கண்ணாடிபோல் வீதியை மூடுவதும் பனியே. வண்டி செலுத்துவோனுக்கோ இவை ஒவ்வொன்றும் வெவ்வேறு தரை. புதிதாய் விழுந்த வெண்பனியிற் சில்லு சிறிது புதைந்தேனும் பிடிக்கும். இறுகிய பனியில் வழுக்கும். பனிக்கட்டிப் படலத்திற் பிடிப்பென்பது பெயரளவிலேயே உண்டு.

வண்டியை ஓட்டுவது எஞ்சின், திருப்புவது சுக்கான், நிறுத்துவது பிறேக் என்று நாம் எண்ணிப் பழகிவிட்டோம். உண்மையில் இவை ஏவுவன மாத்திரமே. ஏவியதைச் செய்து முடிப்பது சில்லுக்கும் வீதிக்கும் இடையிலுள்ள உராய்வு. ஒரு வண்டியின் பாரம் முழுவதும் உள்ளங்கையளவான நான்கு இடங்களிலேயே தரையைத் தொடுகின்றது. அந்நான்கு இடங்களிலும் கிடைக்கும் உராய்வு ஒரு குடும்பத்தின் மாத வருமானம் போன்றது. பிறேக் பிடிப்பதிற் செலவானது போக எஞ்சியதே திருப்புவதற்கு உதவும். உலர்ந்த வீதியில் வருமானம் மிகுதியாதலின் கணக்குப் பாராமற் செலவிடுகின்றோம். பனியில் அவ்வருமானம் மூன்றில் ஒன்றாய், சில வேளை ஏழில் ஒன்றாய்ச் சுருங்கிவிடுகின்றது. ஆகவே வளைவினுள்ளே பிறேக்கை அழுத்தலாகாது; வளைவுக்கு முன், நேர்வீதியிலேயே வேகத்தைக் குறைத்து, பின்னர் கால் மெலிந்தபடி திரும்புதல் வேண்டும்.

பௌதிகம் படிக்கும் மாணவர் இதனைத் தாமே கணித்து நோக்கலாம். மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்திற் செல்லும் வண்டி, உராய்வுக் குணகம் 0.7 ஆகவுள்ள உலர்ந்த வீதியிற் பிறேக் பிடித்தபின் ஏறக்குறைய 14 மீற்றரில் நிற்கும். குணகம் 0.25 ஆகவுள்ள இறுகிய பனியில் அதற்கு 40 மீற்றர் வேண்டும். குணகம் 0.1 ஆகவுள்ள பனிக்கட்டியிலோ 100 மீற்றர் வரை செல்லும். அஃது ஓர் உதைபந்தாட்ட மைதானத்தின் நீளம். வேகத்தைப் பாதியாக்கினால் இத்தூரம் நாலில் ஒன்றாகும் என்பதே இக்கணக்கிலுள்ள நல்ல செய்தி. முன்செல்லும் வண்டிக்கும் தமக்குமிடையே உலர்ந்த நாளில் இரண்டு செக்கன் இடைவெளி விடுவோர் பனிநாளில் நான்கு செக்கனேனும், பனிக்கட்டியில் அதனினும் மிகுதியாகவும் விடுவது இதன்பொருட்டே.

கடுங்குளிரே பேரிடர் என்று நம்மவர் பலர் கருதுகின்றனர். அது முற்றும் சரியன்று. பனிக்கட்டியின் மேற்பரப்பிலே நீர்போல் நெகிழ்ந்த மெல்லிய படலமொன்று உண்டென மைக்கேல் பரடே 1850 ஆம் ஆண்டிலேயே கருதினார். பிற்கால ஆய்வுகள் அதனை உறுதிப்படுத்தின. குளிர் மிகமிக அப்படலம் மெலியும்; பூச்சியப் பாகையை அண்மிக்க அது தடிக்கும். எனவே −20 பாகை செல்சியசிலும் பார்க்க, பூச்சியத்தை அடுத்த நிலையிலேயே வீதி மிக வழுக்கும். பகலில் உருகிய நீர் மாலையில் மீண்டும் உறையும் வேளையும், விடியற்காலையும் அஞ்சத்தக்கன. அப்போது உருவாகும் படலம் நிறமற்றது. கீழேயுள்ள கருந்தார் தெரிவதால் ஈரவீதி போலவே தோன்றும். அதனைக் கரும்பனி என்பர். பாலங்களில் அது முந்தி உண்டாகும். ஏனெனில் பாலத்துக்கு மேலுங் கீழுங் குளிர்காற்று. நிலத்தின் வெப்பம் அதற்கு எட்டாது. வீதியில் உப்பிட்டிருக்கிறார்கள் என்ற துணிவும் எப்போதும் உதவாது. ஏறத்தாழ −10 பாகைக்குக் கீழே உப்பின் வலிமை குன்றிவிடும்.

அடுத்தது ரயர். சாதாரண ரயரின் இறப்பர் 7 பாகைக்குக் கீழ் இறுகத் தொடங்கும். குளிர்கால ரயரின் இறப்பரோ அக்குளிரிலும் நெகிழ்ந்து தரையைப் பற்றும். மூன்று சிகரமுள்ள மலையும் அதனுள்ளே பனித்துகளும் பொறித்த அடையாளம் அதற்குண்டு. கியூபெக் மாகாணத்திலே திசெம்பர் 1 முதல் மார்ச் 15 வரை இவ்வகை ரயர் சட்டப்படி கட்டாயம். ஒன்ராறியோவிற் கட்டாயமில்லை, எனினும் 2016 ஆம் ஆண்டு முதல் காப்புறுதி நிறுவனங்கள் அதற்குக் கழிவு வழங்கவேண்டும் என்பது விதி. செலவைச் சுருக்க எண்ணி முன்சில்லுகளுக்கு மாத்திரம் பூட்டுவோர் உளர். அது பூட்டாதிருப்பதிலும் தீது. முன்புறம் பற்றி நிற்க, பின்புறம் சுழன்று வண்டியையே திருப்பிவிடும். நான்கு சில்லும் இழுக்கும் வண்டி என்று பெருமை பேசுவோருக்கும் ஒன்று கூறவேண்டும். அவ்வமைப்புப் புறப்படுவதற்கு உதவும். நிறுத்துவதற்கு எல்லா வண்டிக்கும் நான்கு சில்லே.

கடுகண்ணாவை ஏற்றத்திற் பேருந்தை முந்தியவருக்கும் இங்கே அப்பழக்கம் துணையாகாது, பெரும்பாலும் பகையாகும். வண்டி வழுக்கத் தொடங்கியதும் கால் தானே பிறேக்கைத் தேடும். கண் தானே மோதவிருக்கும் மரத்தை நோக்கும். இரண்டையும் அடக்குதல் வேண்டும். பின்புறம் சறுக்கினால் இரு மிதிகளிலிருந்தும் காலை எடுத்து, செல்லவேண்டிய திசையை நோக்கி, அத்திசைக்கே சுக்கானை மெல்லத் திருப்புக. நேரே நிறுத்தவேண்டிய அவசரத்தில், சில்லுப் பூட்டிக்கொள்ளாமற் காக்கும் கருவியுள்ள வண்டியாயின், பிறேக்கை உறுதியாக அழுத்திப் பிடித்திருக்க. மிதி காலின் கீழ் அதிரும். அது பழுதன்று, கருவி வேலை செய்யும் அடையாளம். அதிர்ச்சியிற் காலை எடுத்துவிடுவோரே மிகுதி. முதற் பனி விழுந்த நாளில், ஆளற்ற வாகனத் தரிப்பிடமொன்றிலே குறைந்த வேகத்தில் இதனைச் செய்து பழகுதல் நன்று.

புறப்படுமுன் முன்கண்ணாடியிற் சிறு துவாரமளவு சுரண்டிவிட்டு ஓடுவோரை அங்கே காலைதோறும் காணலாம். கூரையிலுள்ள பனியையும் தள்ளிவிடுக. இல்லையேல் முதற் பிறேக்கில் அது முன்கண்ணாடியில் வந்து விழும். நீலவொளி மினுங்கப் பனி வழித்துச் செல்லும் பாரவண்டிகளை முந்த முயலவேண்டாம். அவற்றின் பின்னேயுள்ள வீதியே அவ்வேளையிற் சிறந்த வீதி.

நெடும்பயணத்திற் பனிப்புயலில் அகப்பட்டு வண்டி புதைந்துவிட்டால், விளக்கொளி தெரிகிறதென இறங்கி நடத்தல் ஆகாது. புயலில் தூரமுந் திசையும் மயங்கும். வண்டியே உறைவிடம். இதன்பொருட்டே பெற்றோலை அரைத்தாங்கிக்குக் குறையாமலும், கம்பளியும் மண்வாரியும் மணலும் பின்பெட்டியிலும் வைத்திருப்பர். வெப்பத்துக்காக எஞ்சினை மணிக்குப் பத்து நிமிடம் அளவில் இயக்கலாம். ஆனால் ஒவ்வொரு முறையும் அதற்கு முன்னர் புகைபோக்கிக் குழாயின் வாயைப் பனி மூடியுள்ளதா என்று பார்த்து அகற்றிவிட்டு, காற்று வீசாத பக்கத்து யன்னலைச் சிறிது திறந்துவைக்க வேண்டும். மூடிய குழாயிலிருந்து வண்டியினுள் புகும் காபனோரொட்சைட்டுக்கு மணமுமில்லை, நிறமுமில்லை. உள்ளிருப்போருக்குத் தூக்கம் வருவதுபோலவே தோன்றும்.