மதிப்பெண் பதிவேட்டை நாமும் வாசிப்போம்

ஆண்டுதோறும் பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ தேர்வு முடிவுகள் வந்ததும் தேர்ச்சி சதவீதம் மாவட்ட வாரியாகவும் நிர்வாக வாரியாகவும் அறிவிக்கப்படுகிறது. அரசுப் பள்ளி இவ்வளவு, ஆதிதிராவிடர் நலப் பள்ளி இவ்வளவு என்று செய்தி வருகிறது. எண் கூடினால் பள்ளி வாசலில் பேனர். குறைந்தால் நான்கு நாள் பேச்சு. அந்த எண்ணுக்குப் பின்னால் இருக்கும் காலாண்டு, அரையாண்டு, திருப்புதல் தேர்வு மதிப்பெண்கள் ஆண்டு முழுவதும் பள்ளிப் பதிவேட்டில் இருக்கின்றன. தேர்ச்சியை உயர்த்தும் வழி அதில்தான் இருக்கிறது. நம் பிள்ளைகளின் படிப்பில் அக்கறை உள்ள நாம் அதை வாசிக்கப் பழக வேண்டும்.

மொத்த மதிப்பெண் சொல்லாதது

ஒரு பிள்ளை கணிதத்தில் 22 வாங்கியிருக்கிறாள் என்றால் அவள் தேறவில்லை என்பது மட்டுமே தெரிகிறது. எங்கே சிக்கினாள் என்பது தெரிய வேண்டுமானால் கேள்வி வாரியாகப் பார்க்க வேண்டும். அதற்குக் கணினி வேண்டியதில்லை. ஒரு கோடு போட்ட நோட்டு போதும். இடப்பக்கம் பிள்ளைகளின் பெயர், மேலே கேள்வி எண், சரியாக எழுதிய இடத்தில் ஒரு டிக்.

உதாரணத்துக்கு, 30 பேர் உள்ள வகுப்பில் 22 பேர் ஒரே கேள்வியை விட்டிருந்தால் அது பிள்ளைகளின் குறை அல்ல. அந்தப் பாடம் நடத்தப்படவில்லை, அல்லது நடத்தியது புரியவில்லை. அதை மறுபடி நடத்த வேண்டும். இரண்டு பேர் மட்டும் விட்டிருந்தால் அந்த இருவருக்கும் மாலையில் அரை மணி நேரம் போதும். எல்லாருக்கும் எல்லாப் பாடத்தையும் திரும்ப நடத்தும் சிறப்பு வகுப்பைவிட இது நேரத்தை மிச்சப்படுத்தும்.

பத்தாம் வகுப்புக் கணித வினாத்தாளையே பாருங்கள். ஒரு மதிப்பெண் கேள்விகள் 14. வடிவியலுக்கு 8, வரைபடத்துக்கு 8. இவை மட்டும் சேர்ந்தால் 30. கூடவே மூன்று இரண்டு மதிப்பெண் கேள்விகள் சரியானால் 36. தேறுவதற்கு 35 போதும். கவராயம் பிடிக்கப் பழகாததால் மட்டும் ஒரு பிள்ளை தேறவில்லை என்பதை டிக் போட்ட நோட்டு காட்டிக்கொடுக்கும். ஆனால் 36-ஓடு நின்றுவிடக் கூடாது. இயற்கணிதத்தை அப்படியே விட்டுவிட்டு பிளஸ் ஒன்னில் கணிதம் எடுக்கும் பிள்ளை முதல் பருவத்திலேயே தடுமாறும்.

வருகைப் பதிவேட்டையும் பக்கத்தில் வையுங்கள்

மதிப்பெண்ணோடு வருகைப் பதிவேட்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் முழுக் கதை தெரியும். விழுப்புரம், கள்ளக்குறிச்சி, திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் குடும்பம் குடும்பமாகப் போகிறார்கள். சூளை வேலை சூடு பிடிக்கும் மாதங்களும் திருப்புதல் தேர்வு, பொதுத்தேர்வு மாதங்களும் ஒன்றேதான். அரையாண்டில் 60 வாங்கிய பையன் திருப்புதலில் 25 வாங்கினால் அவனுக்குப் படிப்பு வரவில்லை என்று சொல்வது தவறு. அவனுக்கு வேண்டியது விடுதியில் ஓர் இடம். மார்ச்சில் அலைவதைவிட, கடந்த ஆண்டு வருகைப் பதிவேட்டைப் பார்த்து ஜூன் மாதமே விடுதிக்கு விண்ணப்பம் போட்டுவிடலாம்.

2023 மார்ச்சில் பிளஸ் டூ மொழிப்பாடத் தேர்வுக்கு மாநிலம் முழுவதும் ஏறத்தாழ 50 ஆயிரம் பேர் வரவில்லை. பெயர் பட்டியலில் இருந்தது. பிள்ளை தேர்வு அறையில் இல்லை. எமிஸ் தளத்தில் ஒவ்வொரு பிள்ளைக்கும் தனி எண் இருக்கிறது. ஆனால் பத்து நாள் வராத பிள்ளையின் வீட்டுக்கு ஒரு மனிதர்தான் போக வேண்டும்.

நூறு சதவீதத்தின் மறுபக்கம்

இதே பதிவேட்டை வேறு விதமாகவும் பயன்படுத்த முடியும் என்பதை நாம் மறக்கக் கூடாது. தேர்ச்சி சதவீதம் தேர்வு எழுதியவர்களை வைத்தே கணக்கிடப்படுகிறது. ஒன்பதாம் வகுப்பில் 40 பேர் இருந்து, பத்தாம் வகுப்புத் தேர்வை 32 பேர் எழுதி, 32 பேரும் தேறினால் பேனரில் 100 சதவீதம். மீதி 8 பேர் எங்கே? மதிப்பெண் குறைந்த பிள்ளையின் அம்மாவைக் கூப்பிட்டு, "டிசி வாங்கிக்கிட்டுப் போயிடும்மா, பிரைவேட்டா எழுதிக்கட்டும்" என்று சொல்வது சதவீதத்தை உயர்த்தும், பிள்ளையை உயர்த்தாது. எட்டாம் வகுப்பு முடியும் வரை எந்தப் பிள்ளையையும் வெளியேற்றக் கூடாது என்கிறது 2009 கல்வி உரிமைச் சட்டம். ஒன்பதாம் வகுப்பில் அந்தக் காவல் இல்லை. அப்படிப் போகச் சொல்லப்படும் பிள்ளைகள் பெரும்பாலும் கேட்க ஆளில்லாத வீட்டுப் பிள்ளைகள்தான்.

1907-ல் பம்பாயில் மெட்ரிகுலேஷன் தேறிய அம்பேத்கர் பெற்றது 750-க்கு 282 மதிப்பெண் என்று அவருடைய வாழ்க்கை வரலாறு சொல்கிறது. நூற்றுக்கு 38-க்கும் கீழே. அந்தத் தேர்ச்சிக்கே அவர் சமூகம் பாராட்டுக் கூட்டம் நடத்தியது. ஆறு ஆண்டுகளில் அவர் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இருந்தார். மதிப்பெண் குறைந்த பிள்ளையை வாசலுக்கு வெளியே அனுப்புகிறவர்கள் யாரை அனுப்புகிறோம் என்று தெரியாமலே அனுப்புகிறார்கள்.

கேட்க வேண்டியவை

பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர் இருக்க வேண்டும் என்பது சட்டம். அந்தக் கூட்டத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்து வராமல் நாம் கேட்க வேண்டிய கேள்விகள் இவை: ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் பத்தாம் வகுப்பில் இருக்கிறார்கள்? எந்தப் பாடத்தில், எந்தப் பகுதியில் அதிகம் பேர் தடுமாறுகிறார்கள்? அந்தப் பாடத்துக்கு ஆசிரியர் இருக்கிறாரா, எத்தனை மாதமாக இல்லை? அடுத்த தேர்வுக்குள் என்ன செய்யப் போகிறீர்கள்? பதில் கூட்டக் குறிப்பேட்டில் எழுதப்பட வேண்டும்.

இன்னொன்றையும் வலியுறுத்த வேண்டும். மெல்லக் கற்போர் என்று பெயர்ப் பட்டியலைச் சுவரில் ஒட்டுவதும், வகுப்பில் எழுந்து நிற்கச் சொல்வதும் கூடாது. நம் பிள்ளைகளுக்கு ஏற்கெனவே போதுமான பட்டங்கள் சூட்டப்பட்டிருக்கின்றன. பதிவேடு ஆசிரியருக்கும் பிள்ளைக்கும் பெற்றோருக்கும் இடையே இருக்கட்டும்.

மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. திருத்திய விடைத்தாள் கைக்கு வந்ததும் மொத்தத்தை மட்டும் பார்த்து மடித்து வைக்காதீர்கள். விட்ட கேள்வி எது, தெரிந்தும் தவறிய கேள்வி எது, நேரம் போதாமல் போனது எது என்று மூன்றாகப் பிரித்து எழுதுங்கள். மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. ஒரு பாடத்தில் தவறினாலும் அதே ஆண்டில் துணைத் தேர்வு இருக்கிறது. அதற்கு விண்ணப்பிக்கும் நாளைத் தவற விடாதீர்கள்.

காலாண்டு விடைத்தாள்கள் திரும்பக் கொடுக்கப்படும்போது அந்த நோட்டைத் தொடங்கினால், பொதுத்தேர்வுக்கு முன் திருத்திக்கொள்ள இன்னும் ஐந்து மாதம் கையில் இருக்கும்.